நாற்பத்திரண்டில் முடியும் முகவரி

அப்பாவின் மெயில் வரவில்லை. இப்போது மணி பத்து பதினேழு. அது ஆறு பத்துக்கு வந்திருக்க வேண்டும். நான்கு மணி நேரமாக வரவில்லை என்பதே இப்போதுதான் உறைக்கிறது, அதுவும் பிளாஸ்கில் மிச்சமிருந்த டீயை ஊற்றியதால். டீயை ஊற்றினால் என் இடது கை தானாகப் போனை எடுக்கும், கட்டைவிரல் திரையைக் கீழே இழுக்கும், சந்தியாகு என்று ஒரு பெயர் நிற்கும், பக்கத்தில் ஒரே ஒரு வரி, திறந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை. 0610. எழுந்தாச்சு. வாடை, லேசு. கடல் சாந்தம். இட்லி. அவுட். ஆறு வருடமாக எனக்கு அப்பா என்றால் இந்த வரிதான். முப்பத்தோரு வருடம் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒயர்லெஸ் செட்டின் முன்னால் உட்கார்ந்து எழுந்த மனிதர் மகளுக்கு வேறு எப்படி எழுதுவார். நேரம், நிலவரம், காற்று, கடல், முடிந்தது. காலையில் என்ன சாப்பிடப் போகிறார் என்பது, அந்த இட்லி, மட்டும் நான் கேட்டுச் சேர்த்தது. அவர்கள் பாஷையில் ஓவர் என்றால் நான் சொல்லிவிட்டேன், இனி நீ சொல், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அவுட் என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். அப்பா எப்போதும் அவுட் தான். பதில் வேண்டாம் என்று அவரே சொல்கிறாரே என்று நானும் போட்டதில்லை, எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது, இரண்டாயிரத்துச் சொச்சம் வரிகளுக்கு ஒரு பதில்கூட இல்லை. ஆனால் படிக்காமல் விட்டதில்லை. காற்றைப் பற்றி எழுதவில்லையென்றால் முழங்கால் வலி, மாடி ஏறவில்லை. இட்லி இருக்க வேண்டிய இடத்தில் பன் இருந்தால் அடுப்படிப் பக்கம் போகப் பிடிக்கவில்லை. புயலடித்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் போனபோதுகூட, கரண்ட் வந்ததும் மூன்று வரிகள் வரிசையாக வந்து விழுந்தன, அந்தந்த நாளின் காற்றோடு. வராத நாள் என்று ஒன்று கிடையாது. டீ ஆறிக்கொண்டிருக்கிறது.

பிறகு புரிந்தது. அந்த வரி வருகிற வழியை நான்தான் மூடினேன். காலை ஐந்தே முக்காலுக்கு, இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே விரலால். நான் மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிற கோயம்புத்தூர்க் கல்லூரிக்குப் புது இன்டர்நெட் லைன் வந்திருக்கிறது, பழைய லைன் இன்னும் ஒரு மாதம் இருக்கும், அப்புறம் வெட்டிவிடுவார்கள். லைன் மாறினால் மெயில் சர்வரின் எண்ணும் மாறும். பழைய எண் நாற்பத்திரண்டில் முடியும், புதியது எழுபதில். சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருக்கிறது, எந்தெந்த முகவரியில் காது வைத்திருக்க வேண்டும் என்று அதில் வரிசையாக எழுத வேண்டும். எழுதியதில் மட்டும்தான் கேட்கும். எழுதாததில் நீங்கள் தலையால் தண்ணீர் குடித்தாலும் கேட்காது. நான் இரண்டு எழுதினேன். சர்வர் தன்னிடம் தானே பேசிக்கொள்கிற உள்முகவரி ஒன்று, எழுபது ஒன்று. நாற்பத்திரண்டை அழித்துவிட்டு எழுபதைப் போட்டேன், பக்கத்தில் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை, பழையது எதற்கு என்று ஒரு சுத்த புத்தி. எல்லாருடைய கம்ப்யூட்டரிலும் சர்வரின் பெயர்தான் இருக்கிறது, பெயரைப் புது எண்ணுக்குத் திருப்பிவிட்டால் எல்லாரும் தானாகப் புது வாசலுக்கு வந்துவிடுவார்கள். அப்பாவின் கம்ப்யூட்டரில் பெயர் இல்லை, எண் இருக்கிறது. நாற்பத்திரண்டு. எங்கள் சர்வரில் அவருக்கு ஒரு கணக்கு திறந்து அதையும் நான்தான் போட்டேன். அம்மா இறந்து முப்பதாம் நாள் பூசை முடிந்த அன்று, பின்னறையில், அந்தப் பெரிய மானிட்டரின் முன்னால். பெயரைப் போட்டால் அவர் வீட்டு லைனில் பிடிக்கவில்லை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எண்ணைப் போட்டேன், உடனே பிடித்தது, அடுத்த தடவை வரும்போது சரி பண்ணிக்கலாம் என்று கிளம்பினேன். அடுத்த தடவை, அதற்கடுத்த தடவை. நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கு மூன்று முறை அறிவிப்பு அனுப்பினேன், ஞாயிறு காலை மாற்றம், கவலை வேண்டாம் என்று. விடுதிப் பலகையில்கூட ஒட்டச் சொன்னேன். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதைதான்.

சரி, அப்படியென்றால் ஒன்றுமில்லை, அப்பா எழுந்திருக்கிறார், எழுதியிருக்கிறார், அனுப்பு என்கிற பொத்தானை அழுத்தியிருக்கிறார், போகவில்லை, அவ்வளவுதான் என்று மூச்சு விட்டேன். பாதி மூச்சில் இன்னொன்று வந்து நின்றது. எழுந்திருக்கவே இல்லையென்றால். அதுவும் இங்கே இப்படித்தானே தெரியும். கேட்காத முகவரியில் யார் வந்து தட்டிவிட்டுப் போனாலும் சர்வரின் பதிவேட்டில் ஓர் எழுத்துகூட விழாது. வந்து திரும்பியவரும் வராதவரும் அதற்கு ஒன்றுதான். கம்பியிலேயே எட்டிப் பார்க்க வேறொரு வழி உண்டு, தட்டுகிற தட்டு தெரியும், அது எனக்குத் தெரியும், ஆனால் பார்க்கப் பயமாக இருந்தது, எட்டிப் பார்த்து அங்கே ஒன்றுமே இல்லையென்றால் என்ன செய்வேன். இந்தச் சர்வர் அறையில் செல்போனுக்கு டவர் கிடைக்காது, வைஃபை மட்டும்தான், சுவரில் ஒரு பழைய லேண்ட்லைன் தொங்குகிறது, அதில்தான் அப்பாவின் எண்ணைச் சுழற்றாத குறையாக அழுத்தினேன். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. அது எங்கே அடிக்கிறது என்று எனக்குத் தெரியும், அடுப்படியில், அரிசி டிரம்மின் மூடிமேல், சார்ஜர் அங்கேதான் எட்டும். அப்பாவின் இடது காது முப்பத்தோரு வருட ஹெட்போனுக்குப் போய்விட்டது. வலது காது பாதி. மூன்று முறை அடித்தேன். பிறகு அப்பா வீட்டுக்கு எதிர்வீட்டு ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே சத்தம், குழந்தை அழுகை, பாட்டு. "யாரு, எமல்டாவா? நான் மணப்பாட்டுல கெடக்கேன் பிள்ள, எங்க கொழுந்தன் பேத்திக்கு ஞானஸ்நானம். ஒங்கப்பாவ நேத்து சாயந்தரம் பாத்தேனே, மாடில நின்னுக்கிட்டு இருந்தாவ. லேசா இருமுனாவ. ஏன், என்னத்துக்குக் கேக்க?" ஒன்றுமில்லைக்கா, போனை எடுக்கவில்லை என்றேன். "பூசைக்குப் போயிருப்பாவ. எங்க வீட்டுல அவிய இருக்காவ, போயிப் பாக்கச் சொல்லுதேன். நீ வெசனப்படாத." அவிய என்றால் லொயலா அண்ணன். ஞாயிற்றுக்கிழமை லொயலா அண்ணனைக் கட்டிலிலிருந்து எழுப்புவதற்குள் பூசை முடிந்து கோவிலையே பூட்டிவிடுவார்கள். லேசா இருமுனாவ. அதை ஏன் அக்கா சொன்னாள்.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். அந்த வரி. எழுபதுக்குப் பின்னால் ஒரு காற்புள்ளி, ஓர் இடைவெளி, நாற்பத்திரண்டில் முடியும் அந்த இலக்கங்கள். இதை எழுத எனக்கு எந்தக் காகிதமும் வேண்டாம், என் கல்யாணத் தேதி மறந்தாலும் இது மறக்காது. சேமித்தேன். சர்வரிடம் கோப்பை மறுபடி படித்துக்கொள் என்று ஓர் உத்தரவு கொடுத்தேன், சரி என்றது. இனி அது இரண்டு வாசலிலும் காது வைத்திருக்கும். அப்பாவும் அப்படித்தான் இருந்தார். சிக்னல் ஸ்டேஷனில் இரண்டு செட் ஓடும், ஒன்றில் கப்பல்கள் முதல் முறை கூப்பிடுகிற பதினாறாம் சானல், இன்னொன்றில் துறைமுகத்து வேலைப் பேச்சு. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்பார், மூன்றாவதாக என்னையும். பள்ளி விட்டதும் அம்மா கொடுத்த தூக்குச்சட்டியோடு சைக்கிளில் போவேன், அறை முழுக்கக் கரகரப்பு, அப்பா ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் கழற்றிப் பின்னால் தள்ளிவிட்டு, சொல்லுட்டி என்பார். கணக்கில் எத்தனை மார்க், யார் யாரோடு சண்டை, எல்லாம் அந்த ஒற்றைக் காதுக்குத்தான். முழு அப்பா எனக்குக் கிடைத்ததே இல்லை என்று கல்லூரிக்குப் போன வயதில் ஒரு தடவை அம்மாவிடம் சண்டை போட்டிருக்கிறேன். அம்மா சிரித்தாள். "அந்த மனுசன் எனக்குக் குடுத்ததும் அந்தக் காதுதான்" என்றாள். ஒரு நாள் சாப்பாட்டைக் கொண்டுபோனபோது அப்பா திரும்பியே பார்க்கவில்லை. ஒரு தோணி, மாலத்தீவுக்குச் சரக்கோடு போனது, காலையிலிருந்து பதில் இல்லை. தோணியின் பெயரை மூன்று முறை சொல்வார், இது தூத்துக்குடி என்பார், கேட்கிறதா, ஓவர் என்பார். காத்திருப்பார். மறுபடி மூன்று முறை. ஷிப்ட் முடிந்து அடுத்த ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார், அப்பா எழுந்திருக்கவில்லை. பதில் வராத படகு இருக்கும்போது செட்டை விட்டு எழுந்திருக்கக் கூடாது, அது அவர் சட்டம். வெயில் தாழ்ந்த பிறகு கரகரப்புக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது, பேட்டரி போய்விட்டது அண்ணாச்சி, இப்போதான் மாற்றினோம் என்று. அப்பா திட்டவில்லை. சரி, ரொம்ப நல்லது, அவுட் என்றார். ஆறிப்போன சோற்றைச் சாப்பிட்டார்.

பத்து முப்பத்தைந்து. ஒன்றும் வரவில்லை. பதிவேடு திரையில் ஓடுகிறது, வருகிறவர்கள் எல்லாரும் எழுபதுக்கு வருகிறார்கள், நூலகம், தேர்வுப் பிரிவு, யாரோ ஒரு மாணவன் விடுமுறை கேட்கிறான். ஞாயிற்றுக்கிழமை யாரும் மெயில் அனுப்ப மாட்டார்கள் என்று நினைத்துத்தான் இன்றைக்கு வைத்தேன், அப்பாவுக்கு ஞாயிறு திங்கள் எல்லாம் ஒன்று என்பது எனக்குத் தெரியாதா. நாற்பத்திரண்டில் ஒரு வரிகூட இல்லை. இப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இதுவரை வந்ததெல்லாம் ஒத்திகை. ஏனென்றால் இப்போது வாசல் திறந்திருக்கிறது, கேட்டுக்கொண்டிருக்கிறது, அப்படியும் சத்தம் இல்லை. அப்பாவைப் பின்னறையில் பார்த்தேன், குளியலறை வாசலில் பார்த்தேன், மாடிப்படியில் பார்த்தேன், மாடிப்படிக்குக் கைப்பிடி வைக்கச் சொல்லி எத்தனை தடவை சொன்னேன். நான் ஊருக்குப் போய்ப் பத்து மாதம் ஆகிறது. போன முறை போனதே சண்டைக்குத்தான். கோயம்புத்தூருக்கு வந்துவிடுங்கள், ஒரு ரூம் காலியாகத்தான் இருக்கிறது என்றேன், பாசமாகச் சொல்ல வேண்டியதை ஆபீஸ் சுற்றறிக்கை மாதிரி சொன்னேன். அப்பா முறத்தில் உளுந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். "ஏட்டி, ஒங்க ஊர்ல காத்து எங்கருந்து அடிக்குன்னு ஒனக்குத் தெரியுமா?" தெரியாது, அது எதற்கு என்றேன். "காத்து தெரியாத ஊர்ல நான் வந்து என்ன செய்யட்டும்" என்றார். உங்களுக்கு என்னைவிடக் காற்றுதான் முக்கியம் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தேன். மறுநாள் ஆறு பத்துக்கு வரி வந்தது. எழுந்தாச்சு. கொண்டல். கடல் சாந்தம். இட்லி. அவுட். கோபமா இல்லையா என்று அந்த வரியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அப்போது பதில் போட்டிருக்கலாம். இரண்டு வார்த்தை. என்ன குறைந்துபோயிருக்கும்.

லேண்ட்லைன் அடித்தது. லொயலா அண்ணன் என்று பாய்ந்தேன், பரமசிவம் சார். எங்கள் துறைத் தலைவர், வீட்டிலிருந்து, பின்னால் குக்கர் விசில். "என்னங் மேடம், எல்லாஞ் செரியா ஓடுதுங்களா?" ஓடுதுங்க சார் என்றேன். "ஒரு கம்ப்ளெய்ன்ட்டுகூட வரலீங்க. இத்தன பெரிய மாத்தம் பண்ணி ஒருத்தருக்கும் தெரியாம முடிஞ்சுதுன்னா சும்மாங்களா. நீங்க வூட்டுக்குக் கெளம்புங்க, நாயித்துக்கெழமயுமா ஆபீஸ்ல கெடப்பீங்க." புகார் சொல்ல வேண்டியவரின் புகாரும் அந்த வழியாகத்தானே வர வேண்டும் சார் என்று நாக்கு வரை வந்தது. இன்னும் ஒரு சின்ன வேலை இருக்குங்க, முடிச்சிட்டுக் கிளம்பறேன் என்றேன். குரல் ஒழுங்காகத்தான் வந்தது. நானும் அப்பா பிள்ளைதான், எங்கள் வீட்டில் குரல் உடைந்து பேசினவர் யாரும் இல்லை, அம்மாவைப் பெட்டியில் வைத்தபோதுகூட அப்பா நேரத்தைத்தான் சொன்னார், பதினாறு நாற்பது என்று. எல்லாரும் அதை ஒரு மாதிரி பார்த்தார்கள். எனக்குத் தெரியும், அவருக்கு அது அழுகை.

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது ஒரு சந்தேகம் குறுகுறுத்தது. சின்ன வேலை என்று சொன்னேனே, அது முடிந்ததா என்று நான் பார்த்தேனா. சர்வர் இப்போது எந்தெந்த முகவரியில் கேட்கிறது என்று அதையே கேட்கலாம், ஒரு வரி கட்டளை, புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் நான் தினமும் கத்துவது, செய்தேன் என்று சொல்லாதே, பார்த்தேன் என்று சொல். கேட்டேன். இரண்டு பதில் வந்தது. உள்முகவரி. எழுபது. நாற்பத்திரண்டு இல்லை. கோப்பில் இருக்கிறது, காதில் இல்லை. ஒரு கணம் முட்டாள்போல் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டேன். இந்த ஒரு வரிக்கு மட்டும் மறுபடி படித்துக்கொள் என்றால் போதாது. மற்ற வரிகளை ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளும், எந்த முகவரியில் கேட்பது என்பதை மட்டும் பிறக்கும்போது ஒரு தடவைதான் முடிவு செய்யும், அதனால் முழுவதும் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். பதினான்கு வருடமாக இந்தச் சர்வரோடு குடித்தனம் நடத்துகிறேன், இது எனக்குத் தெரிந்த விஷயம், தெரிந்ததெல்லாம் வேண்டிய நேரத்தில் எங்கே போய் ஒளிகிறதோ. அப்படியென்றால் இந்தப் பதினைந்து நிமிடமாக நான் கேட்டது சத்தமின்மையே இல்லை. மூடிய கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு வெளியே ஆளில்லை என்று அழுதிருக்கிறேன். நிறுத்து என்று அடித்தேன், விரல் பொத்தானின் மேல் நின்றுவிட்டது. நிறுத்தினால் மூன்று நான்கு நொடி அது யாரையும் கேட்காது. அந்த நான்கு நொடியில் அப்பா கடைசியாக ஒரு தடவை தட்டிவிட்டு எழுந்து போய்விட்டால். பைத்தியக்காரத்தனம், நான்கு மணி நேரமாகக் கேட்காதது கேட்காமல் இருக்கும், அவ்வளவுதானே. அழுத்தினேன். ஓடிக்கொண்டிருந்த திரை நின்றது. அறையில் ஏசியின் சத்தம் மட்டும். மாதாவே என்றேன், வாய்விட்டு, கோவிலுக்குப் போய் வருடக்கணக்காகிறது, மாதாவுக்கு என் குரல் அடையாளம் தெரிந்ததோ என்னவோ. தொடங்கு. கேட்டேன், எங்கெங்கே கேட்கிறாய். மூன்று வரி. உள்முகவரி, எழுபது, நாற்பத்திரண்டு.

பத்து ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்திரண்டில் ஒருவர் வந்தார். சந்தியாகு. பதிவேட்டில் அந்தப் பெயர் விழுந்ததைப் பார்த்தேன், பார்த்த இடத்தில் கண் மங்கிவிட்டது, அதன் கீழே இன்னொரு சந்தியாகு, இன்னொரு சந்தியாகு, புயலுக்குப் பிறகு வந்த மாதிரி வரிசையாக. போனில் திறந்தேன், மேலிருந்து கீழே இல்லை, முதலில் எழுதியதிலிருந்து. 0610. எழுந்தாச்சு. வாடை, லேசு. கடல் சாந்தம். இட்லி. அவுட். அதற்கு மேல் 0622. முதல் செய்தி போகவில்லை. மறுபடி அனுப்புகிறேன். எழுந்தாச்சு. அவுட். 0645. உங்கள் பக்கம் பதில் இல்லை என்று இயந்திரம் சொல்கிறது. என் பக்கம் லைன் சரி, தினத்தாள் திறக்கிறது. கோளாறு உங்கள் பக்கம். அவுட். சரிதான் அப்பா, எங்கள் பக்கம்தான். 0730. இரண்டாம் பூசைக்கு மணி அடித்துவிட்டது. போகவில்லை. இதில் அவுட் இல்லை. 0815. எமல்டா, உன் செல்லுக்குப் போட்டேன். எல்லைக்கு வெளியே என்கிறது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போனாய். 0920. மறுபடி போட்டேன், பல தடவை. எல்லைக்கு வெளியே. போனை அடுப்படியில் சார்ஜில் போட்டுவிட்டு வந்தேன். ஆறு வருடத்தில் உன் பக்கம் ஒரு நாள்கூட இப்படி மௌனமாக இருந்ததில்லை. இதைப் படித்துவிட்டு நான் போனைக் கீழே வைத்தேன், மறுபடி எடுத்தேன். அப்பா, நான் ஒரு பதில்கூடப் போட்டதில்லையே, அப்புறம் எது மௌனம். பிறகு விளங்கியது. அவர் அனுப்பு என்று அழுத்தியதும் சென்றது என்று ஒரு வார்த்தை திரையில் வரும். ஆறு வருடமாக அதைத்தான் அவர் என் பதிலாக வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எடுத்துக்கொண்டேன் என்று சர்வர் சொல்வதை, மகள் இருக்கிறாள் என்று.

1026. அடுப்படியில் போன் அடித்த மாதிரி இருந்தது. சரியாக விழவில்லை. செட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. 1041. யாரோ கதவைத் தட்டுகிறார்கள். எழுந்திருக்கவில்லை. லொயலா அண்ணன், பாவம், வந்திருக்கிறார். சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே மூக்கு ஒழுகியது, துடைக்கக் கையில் ஒன்றும் இல்லை, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டேன். மனுஷன் இட்லி சாப்பிட்டாரா இல்லையா, மாத்திரை போட்டாரா, எழுபத்தாறு வயதில் காலையிலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், நான் அவர் போய்விட்டார் என்று பயந்துகொண்டிருந்த நேரமெல்லாம் அவர் நான் போய்விட்டேன் என்று பயந்துகொண்டிருந்திருக்கிறார். கடைசி வரி பத்து ஐம்பதுக்கு எழுதியது. எமல்டா எமல்டா எமல்டா. இது அப்பா. கேட்கிறதா. ஓவர்.

ஓவர். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த முதல் ஓவர். இதற்குப் போனில் கூப்பிட்டால் கேட்காது, அவர் செட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார். பதில் எழுதுகிற பெட்டியைத் திறந்தேன். எப்படித் தொடங்குவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. 1055. அப்பா அப்பா அப்பா. இது எமல்டா. நன்றாகக் கேட்கிறது. கோளாறு என் பக்கம்தான், சரி செய்துவிட்டேன். உடம்பு நலம். காலையில் டீ மட்டும். இருமல் எப்படி இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வருகிறேன், நான்கு நாள் இருப்பேன். காற்று என்று எழுதிவிட்டு விரல் நின்றது. இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. காற்று தெரியவில்லை, ஓவர் என்று முடித்து அனுப்பினேன். சென்றது என்று என் திரையிலும் வந்தது. பஸ்ஸில் போய் அந்த எண்ணை எடுத்துவிட்டுப் பெயரைப் போட வேண்டும், இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது, அதுவரை இந்த வரியில் மூன்று முகவரியும் இருக்கும், பரமசிவம் சார் பழையது எதற்கு என்று கேட்டால் வேண்டியிருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம். உட்கார்ந்தே இருந்தேன். எழுந்திருக்கவில்லை. இரண்டு விரலால் தட்டித் தட்டி எழுதுகிறவர், நேரமாகும். பதினொன்று இரண்டுக்கு வந்தது. 1102. ரொம்ப நல்லது. இருமல் ஒன்றுமில்லை. இட்லி இனிமேல்தான். கதவை இன்னும் தட்டுகிறார்கள், போய்த் திறக்கிறேன். நீ வெளியே போய்க் காற்றைப் பார்த்துச் சொல். ஓவர்.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், வெயிலில் கண் கூசியது. படியிறங்கும்போதே டவர் கிடைத்துவிட்டது, தவறிய அழைப்பு ஒன்பது, எல்லாம் அப்பா என்று கைக்குள் போன் அதிர்ந்தது. மைதானத்துக்கு அப்பால் விடுதிச் சமையலறைக் குழாயிலிருந்து புகை எழும்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. இந்தக் கல்லூரியில் பதினான்கு வருடம் இருக்கிறேன், இதை நான் பார்த்ததில்லை. எது கிழக்கு என்று கண்டுபிடிக்கச் சூரியனைப் பார்த்து ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருந்தது.